பகை எண்

நண்பர்களே, நம் வயதில் எண் என்றால் என்ன? சாப்பாட்டுக்கு முன் நூற்று நாற்பது, சாப்பாட்டுக்குப் பின் இருநூற்றுப் பத்து. காலை நடையில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் "இன்றைக்கு எத்தனை?" என்று கேட்டுக்கொள்கிறோம். பேரப்பிள்ளைகளைப் பற்றிக்கூட அப்புறம்தான் விசாரிப்பு. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய எனக்கு இது பொறுக்கவில்லை. எண்களை இப்படி மாத்திரை டப்பாவில் போட்டு மூடிவிட்டோமே! அதனால் இன்று நோய் நொடியோடு சம்பந்தமே இல்லாத ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

பன்னிரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. 12,799.

பார்த்தால் ஒன்றுமில்லாத எண். இரண்டால் வகுங்கள், ஒன்று மிஞ்சும். ஏழால் வகுங்கள், மூன்று மிஞ்சும். அறுபத்தேழால் வகுத்தால் இரண்டு, எழுபத்தொன்பதால் வகுத்தால் ஒன்று. இதோ வந்துவிட்டது என்று கை தட்டப் போகும்போது நழுவிவிடும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணுக்கும் அது இடம் கொடுக்காது. அதன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், இருபத்தெட்டு. அந்த இருபத்தெட்டோ, தன் சின்ன வகுத்திகளான ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினான்கைக் கூட்டினால் மறுபடி தானாகவே வந்து நிற்கும் நிறைவெண். வளைந்து கொடுக்காதவன் மடியில் அப்படி ஒரு சாது உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது எனக்குச் சிலிர்க்கிறது, சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பத்து வயதில் நானே பெற்றெடுத்தேன். அதுவும் ஒரு தப்பினால்.

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊர். அப்போது இருபத்திரண்டு வீடுகள். கோயில் நிலத்தில் ஊரே சேர்ந்து சாமை விதைக்கும். அறுத்து, அடித்து, தூற்றி முடித்ததும் களத்திலேயே வீடு வீடாக அளந்து பங்கு போடுவார்கள். அளக்கும் படி என் அத்தையிடம் இருந்தது. அப்பாவுக்கு அக்கா அவள். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் புருஷன் போய், பிள்ளை குட்டி இல்லாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். கை ராசியானவள், கை சுத்தமானவள் என்று ஊர்க்கவுண்டர் அவளிடம் படியைக் கொடுத்திருந்தார். அளக்கிறவளுக்கு ஒவ்வொரு களத்திலும் வீட்டுக்கு இரண்டு படி சாமை உண்டு. அந்தச் சாமைதான் அத்தையின் சோறு. தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் தன் சோற்றைத் தான் தின்கிறோம் என்று அவள் தலை நிமிர்ந்திருந்தது அந்தப் படியால்தான்.

அந்தப் படி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. இரும்புப் படி, வாயில் பித்தளைப் பட்டை. உள்ளே மூக்கை வைத்தால் சாமைத் தூசியும் துருவும் கலந்து ஒரு வாசனை வரும். அத்தை அளக்கும்போது முதல் படியை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டாள். "லாபம்" என்பாள். பிறகு "ரெண்டு, மூணு" என்று போகும். உங்கள் ஊர்களிலும் இது உண்டு, தெரியும். விளைச்சலை ஒற்றையாக ஆரம்பிக்கக் கூடாது என்று மங்கலமாகச் சொல்வது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும். லாபம் என்று ஆரம்பித்து நான் ஒரு முறை பிரம்படி வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு ஒரு கணக்கு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு என்று என் வாய் இரண்டுபட்டிருந்தது.

அந்தத் தை மாதம் கிழக்கு வீட்டுக்காரர் பிராது கொண்டுவந்தார். பங்குச் சாமையை வீட்டில் போய் அளந்து பார்த்தால் குறைகிறதாம்.

"ஏனுங்க கவுண்டரே, எங்கப்பங் காலத்துப் படிங்க அது. வாயி தேஞ்சு கெடக்குது. முப்பது படிக்கு அரப்படி கொறையுதுங்க" என்றார்.

அத்தை எழுந்து நின்று, "படி வாயி தேஞ்சுதோ, அவுங்க கண்ணு தேஞ்சுதோ, சோதிச்சுப் பாத்துக்குங்க. கொறைஞ்சா அந்த நிமிசமே படியக் கீழ வெச்சுடறனுங்க" என்றாள்.

படியைச் சோதிக்க எங்கள் ஊரில் ஒரு பழைய கணக்கு இருந்தது. சரியான படி என்றால் மிளகு பன்னிரண்டாயிரத்து எண்ணூறு பிடிக்க வேண்டும். கூடினால் தோஷமில்லை. ஒன்று குறைந்தாலும் அது குறைப்படி. மிளகை அளக்கிறவளே பொறுக்கிக்கொள்ளலாம், ஊர் முன்னால் தலை தட்டி அளந்து கொட்ட வேண்டும். மிளகு என்ன அச்சில் வார்த்ததா, ஒரே அளவாக இருக்க? பொடி மிளகாகப் பொறுக்கிப் போட்டால் தேய்ந்த படியிலும் பதிமூன்றாயிரம் அடங்கும். இது அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியது ஒருத்திக்குத்தான், அவள் அதைச் செய்யவில்லை.

அத்தை ஏழு நாள் மிளகு பொறுக்கினாள். கொடியிலிருந்து பறித்துக் காய வைத்த மிளகில் ஒரே பருமனாகப் பார்த்து, நொய்யும் இல்லாமல் பொடியும் இல்லாமல் எடுத்துப் படியில் நிரப்பினாள். பிறகு சாக்கில் கொட்டி, இரண்டிரண்டாக எடுத்து வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று போட்டாள். வலப்பக்கக் குவியலை எடுத்து மறுபடி அதே மாதிரி. அதில் பாதியை எடுத்து மறுபடியும். பல்லாங்குழி மாதிரி ஏதோ ஆட்டம் போலிருக்கிறது, பாவம், கவலையில் அத்தைக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இருக்கும் திமிர் அது.

யார் எண்ணுவது என்று அடுத்த பிரச்சினை வந்தது. பெரியவர்களுக்கு நூறு வரை தடையில்லை. ஆயிரத்தைத் தாண்டினால் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். வெளியாளைக் கூப்பிடுவது ஊருக்கு இழுக்கு. கடைசியில் கிழக்கு வீட்டுக்காரரே என்னைக் காட்டினார்.

"இந்தப் புள்ள அஞ்சாவது படிக்குதுங்க. அத்தை ஊட்டுப் புள்ளதான், இருந்தாலும் கொழந்த வாயி பொய் சொல்லாதுங்க. இதுவே எண்ணட்டும்."

மறுநாள் காலை, கோயில் பாறையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். அத்தை படியை நிரப்பி, விளிம்போடு தலை தட்டிக் கொட்டினாள். கறுப்புக் குவியல். அவ்வளவு மிளகை அவ்வளவு பேர் வாய் திறக்காமல் பார்த்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பலா இலைத் தொன்னைகள் வரிசையாக இருந்தன. நூறு எண்ணியதும் ஒரு தொன்னை. என் பக்கத்தில் கிழக்கு வீட்டுக்காரரின் மனைவி காவல்.

நான் முதல் மிளகை எடுத்தேன். அத்தை முகத்தைப் பார்த்தேன். வாய் தானாக "லாபம்" என்றது. மிளகு தொன்னைக்குள் விழுந்தது.

"சத்தமாச் சொல்லு சாமி, எல்லாத்துக்கும் கேக்கோணும்!" என்று ஊர்க்கவுண்டர் அதட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரம்பு ஞாபகம் வந்ததோ என்னவோ, அடுத்த மிளகை எடுத்துப் பள்ளிக்கூடக் குரலில் கத்தினேன்: "ஒண்ணு!"

அவ்வளவுதான் நடந்தது. முதல் தொன்னையில் நூற்றொரு மிளகு போயிற்று. எனக்கு அது தெரியாது. காலையிலிருந்து வெயில் சாயும் வரை நிறுத்தாமல் எண்ணினேன். ஐயாயிரத்தைத் தாண்டியதும் விரல் நுனி காந்தியது. கண்ணில் மிளகுத் தூசி பட்டு நீர் வழிந்தது. பத்தாயிரம் என்று நான் சொன்னபோது ஊரே "ஓ" என்றது. பத்தாயிரம் என்ற சொல்லை எங்கள் ஊரில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, அது அத்தனை பொருளாகக் கண்முன்னால் கிடந்தது அன்றைக்குத்தான். எண் என்பது வெறும் சத்தமில்லை, அதற்கு உடம்பு உண்டு என்று அந்த நிமிடம் தெரிந்தது. பசி, தாகம் எல்லாம் மறந்துபோயிற்று.

நூற்றிருபத்தேழு தொன்னைகள் நிறைந்தன. கடைசித் தொன்னைக்குத் துணியில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்தேன். தொண்ணூற்று ஏழு, தொண்ணூற்று எட்டு, தொண்ணூற்று ஒன்பது. துணி வெறுமையாக இருந்தது. துணியை உதறினார்கள். ஒன்றும் விழவில்லை.

"ஒண்ணு கொறஞ்சாலும் கொறதானுங்களே" என்றார் கிழக்கு வீட்டுக்காரர். அவர் குரலிலேயே தெம்பு இல்லை. ஊர்க்கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை படியைத் தூக்கி அவர் காலடியில் வைத்தாள். வாதாடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"புள்ளைக்குத் தொண்ட வறண்டு போச்சு. தண்ணி குடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் அன்று அந்தப் பாறையில் இன்னொன்றும் நடந்தது. எல்லாரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏனப்பா, உன்ற புள்ள பன்னெண்டாயிரம் வரைக்கும் தடுமாறாம எண்ணுதே! இத மேல படிக்க வெய்யி" என்றார் ஊர்க்கவுண்டர். மூன்றாவதோடு பெண் பிள்ளைகளை நிறுத்திவிடும் ஊர் அது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "ஆவட்டுங்க, ஆறாவது சேத்து உடறேன்" என்றார். அத்தையின் தோல்வியில் எனக்கு மாலை விழுந்தது. எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அத்தை முதல் பஸ்ஸில் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போனாள். கட்டட வேலை, சித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஏறி வருவாள். அப்பா எவ்வளவோ சொன்னார். "உக்காந்து திங்க எனக்கு ஆவாது" என்றாள். சோதித்த மிளகைத் தொன்னைகளிலிருந்து எடுத்து ஒரு துணியில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தாள். விற்கவும் இல்லை, சமைக்கவும் இல்லை.

எனக்கு அந்த எண் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. அத்தையைக் கவிழ்த்த எண். இதை ஏதாவது ஒன்றால் உடைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. சிலேட்டில் மூன்றால் வகுத்தேன், ஏழால் வகுத்தேன், பதினொன்றால் வகுத்தேன். எப்போதும் ஏதோ மிஞ்சியது. முப்பத்தேழு வரை வந்து அழுதுகொண்டே வாத்தியாரிடம் காட்டினேன். அவர் அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், எப்போதும் அவசரத்தில் இருப்பார். சிலேட்டைப் பார்த்தார்.

"நூத்திப் பதிமூணு வரைக்கும் பாத்தாப் போதும். அதுக்கும் போவலன்னா பகா எண்" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார்.

எனக்குக் காதில் விழுந்தது 'பகை எண்'. சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரோடும் சேராது, யாருக்கும் பங்கு கொடுக்காது, கிழக்கு வீட்டுக்காரர் மாதிரி. நூற்றுப் பதின்மூன்று வரைக்கும் வகுத்தேன். முப்பது மிஞ்சியது. உலகத்தில் எத்தனையோ எண்கள் இருக்க, அத்தனையையும் முயன்று பார்க்காமலே 'போதும்' என்று ஒரு மனிதர் எப்படிச் சொன்னார்? சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே நினைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் 'போதும்' ஏன் என்று கல்லூரியில்தான் விளங்கியது. ஆனால் மலைப்பு அன்றைக்கே வந்துவிட்டது, அது இன்றுவரை போகவில்லை.

சிலேட்டில் உடையாததை மிளகில் உடைக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை மூட்டையை இறக்கினேன். வீட்டில் யாரும் இல்லை, மரவள்ளி பிடுங்கப் போயிருந்தார்கள். அத்தை செய்ததைப் போலவே இரண்டிரண்டாக எடுத்து வலம் ஒன்று, இடம் ஒன்று போட்டேன். பகை எண் ஆயிற்றே, கடைசியில் ஒரு மிளகு தனியாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டு விரலில் இரண்டு மிளகு வந்தது, சாக்கு காலியாயிற்று.

எண்ணினதில் தப்பு என்று நினைத்து வலப்பக்கத்தை எடுத்துப் பாதியாக்கினேன். மிச்சமில்லை. அதில் பாதி, மறுபடி பாதி. அன்று முடியவில்லை, அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் உட்கார்ந்தேன். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாட்டில் சும்மா ஒப்பித்த சொற்கள் ஒவ்வொன்றும் என் முன்னால் குவியலாக எழுந்து எழுந்து சுருங்கின. ஒன்பது முறை பாதியானது. ஒரு முறைகூட ஒரு மிளகு தனியாக நிற்கவில்லை. கடைசியில் கையில் இருந்தது இருபத்தைந்து. ஐந்து வரிசையில் ஐந்தைந்தாக அடுக்கினேன், சதுரமாக உட்கார்ந்தது.

நண்பர்களே, ஒரு மிளகு வித்தியாசம். பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கேட்டவருக்கெல்லாம் பாதி கொடுக்கிறது. இரண்டாகப் பிரித்தால் எண்பது வரிசையில் எண்பதாக இரண்டு முழுச் சதுரம். அதில் ஒரே ஒரு மிளகை எடுத்துவிட்டால், எந்த இரண்டு சதுரமாகவும் அடுக்க முடியாது, எதற்கும் வகுபடாது. அடுத்தடுத்த வீட்டில் ஒரு கர்ணனும் ஒரு கல்லும் குடியிருப்பதை அன்று என் விரலால் தொட்டுப் பார்த்தேன். கூடவே லாபம் என்று போட்ட அந்த முதல் மிளகு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது அத்தை உள்ளே வந்தாள். சாயங்காலமானதை மறந்துவிட்டேன். கை முழுவதும் சிமெண்டுப் புண். ஐந்துக்கு ஐந்தாக இருந்த மிளகைப் பார்த்தாள். அந்த அடுக்கு அவளுக்குப் புதிதில்லை என்று எனக்கு உறைக்கவே இல்லை.

"அத்த, கொறையவே இல்லீங்க. சரியா இருக்குது. நாந்தான் மொதல்ல..." என்று ஆரம்பித்தேன்.

என் வாயைப் பொத்தினாள். கையில் சுண்ணாம்பு நாறியது. "கணக்கு முடிஞ்சு போச்சு சாமி. இத ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. என்ற மேல ஆணை" என்றாள். இருபத்தைந்து மிளகையும் வழித்து அம்மியில் போட்டு நுணுக்கினாள். அன்று ராச்சோற்றுக்கு மிளகு ரசம். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. அத்தைக்கு எண்ணத் தெரியாது, நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். பத்து வயதுக்காரியின் முடிவு அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அறுபது வயது வரையிலும் என் முடிவு அதுவாகவே இருந்தது.

ஆறாவது போனேன், கல்லூரி போனேன், வாத்தியாரம்மா ஆனேன். அத்தை பதினேழு வருடம் சித்தாளாக மண் சுமந்தாள். என் முதல் சம்பளத்தில்தான் அவளை வேலையை விட வைத்தேன்.

போன மாசியில் மலைக்குப் போயிருந்தேன். அத்தைக்கு எண்பத்தேழு ஆகிறது, காது நன்றாகக் கேட்கிறது. முறத்தில் அவரை உரித்துக்கொண்டிருந்தாள். செல்போனில் அந்த எண்ணை அடித்துக் கேட்டேன். கண் சிமிட்டுவதற்குள் பகா எண் என்று பதில் வந்தது. நான் ஒரு மாசம் சிலேட்டில் முட்டிக்கொண்டது. ஏனோ அப்போது அடக்க முடியவில்லை.

"அத்த, அன்னிக்குப் பாறையில நான் ஒண்ண உட்டுட்டனுங்க. உங்க படி சரியான படிங்க. என்னாலதான் உங்க படி போச்சு."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "ஏங்கண்ணு, ஏழு நாளு பொறுக்கிப் பாதி பாதியாப் பிரிச்சு வெச்சவளுக்கு அது தெரியாதா? நீ லாபம்னு போட்டுட்டு மறுக்கா ஒண்ணுன்னு ஆரம்பிச்சப்பவே என்ற காதுல உளுந்துது."

"அப்பறம் ஏனுங்க வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா? உன்றப்பன் மொத நாளே எங்கிட்டச் சொல்லிப்போட்டான். அஞ்சு வருசம் படிச்ச புள்ள நாளைக்கு ஊரு முன்னால எண்ணத் தடுமாறுச்சுன்னா, பள்ளிக்கூடம் அதோட சரி, மாட்டப் புடிச்சுக்கட்டும்னு."

பதினேழு வருடம் அவள் தலையில் ஏறிய செங்கல்லை எந்த எண்ணில் சொல்வது? "அதுக்காகவா..." என்று ஏதோ உளறினேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, என் கன்னத்தை அந்தக் காய்ப்புக் காய்ச்சிய கையால் துடைத்தாள்.

"பன்னெண்டாயிரத்து எண்ணூறு மொளகுல ஒண்ணு போனாப் போவுது சாமி. நம்மூட்டுல ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணுன்னு நீ ஒருத்திதான இருந்த."